மனவடுவோடு வாழ்பவருக்கு உதவி நாய்: கொழும்பில் தொடங்குவது எப்படி

போர்க்களத்தில் இருந்து வந்து மனவடுவோடு (PTSD) வாழ்பவர்களுக்கு நாய் துணையாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, "எங்கள் வீட்டிலும் ஒன்று வளர்த்துப் பார்க்கலாமா?" என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். இந்த முறை பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து திரும்பிய படையினருக்காக. ஆனால் கெட்ட கனவும் திடுக்கிடுதலும் கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுவதும் சீருடை போட்டவருக்கு மட்டும் வருவதில்லை. படையில் இருந்தவர், இயக்கத்தில் இருந்தவர், பங்கருக்குள் பிள்ளைகளோடு கிடந்தவர், யாராக இருந்தாலும் நாயைப் பழக்கும் முறை ஒன்றுதான்.

மூன்று வகை நாய்கள்

சிகிச்சை நாய் என்பது ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய்ப் பலருக்கு ஆறுதல் தரும் நாய். ஆறுதல் நாய் வீட்டில் கூட இருக்கும், அதற்குத் தனிப் பயிற்சி கிடையாது. உதவி நாய் ஒரே ஒருவருக்காக, அவருடைய நோயோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்டது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவது மட்டும் அங்கே "வேலை" ஆகாது. ஒரு கடைக்காரர் இரண்டு கேள்விகள்தான் கேட்கலாம்: இது உடற்குறை அல்லது நோய் காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா, என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டது? இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பதிலைத் தயார் செய்வது பற்றியதுதான்.

இணையத்தில் பணம் கட்டி வாங்கும் "உதவி நாய்ச் சான்றிதழ்" அமெரிக்காவிலேயே சட்டப்படி செல்லாது. அதற்குச் செலவழிக்காதீர்கள்.

பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களம் உதவி நாய் பெற்றவர்களையும் ஆறுதல் நாய் பெற்றவர்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. இரு பகுதியினருக்கும் ஓரளவு சுகம் கண்டது. அன்றாட வேலைகளைச் செய்வதிலும் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உதவி நாய் பெற்றவர்களுக்கு மனவடு அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன, தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தது. அதே 2021 ஓகஸ்டில், முன்னாள் படையினர் நாய்களைப் பழக்குவதையே சிகிச்சையின் பகுதியாக்கும் ஐந்தாண்டு முன்னோடித் திட்டத்துக்கு அங்கே சட்டம் கைச்சாத்தானது. 2024இல் வந்த இன்னொரு ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு நாயும் சேர்ந்தவர்களை, சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு மூன்று மாதங்களின் பின் ஒப்பிட்டது. நாய் இருந்தவர்களுக்கு மனவடு அறிகுறிகளும் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. சிகிச்சையோடு சேர்ந்துதான் நாய் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாய் வந்துவிட்டது என்று மருந்தையோ கிளினிக்கையோ நிறுத்துவது ஆபத்து.

நாய் வாங்குமுன் ஒரு கொப்பி

இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மனவடு உள்ளவருக்கு நிலை குழம்பும்போதும் நான்கு விஷயம்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, உடலில் முதலில் தெரிந்த மாற்றம், எது அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "இரவு 2.10. பகலில் ஹெலி தாழப் பறந்தது. முதலில் வலது கால் உதறல், பிறகு பல் நறநறப்பு, பிறகுதான் சத்தம். லைட் போட்டதும் நாங்கள் யார் என்று தெரிந்தது."

இந்த ஒரு பதிவிலேயே நாய்க்கு இரண்டு வேலை கிடைத்துவிட்டது. கால் உதறும்போதே எழுப்புவது ஒன்று, லைட் போடுவது மற்றது. "பயப்படுகிறார்", "கோபம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. நாய்க்குக் கோபம் என்ற சொல் விளங்காது, பெருவிரலை நகத்தால் சுரண்டுவது தெரியும். பெரும்பாலானவர்களுக்கு முதல் உடல் அறிகுறி தாங்களே அறியாத ஒன்றாக இருக்கும். மனைவியோ அம்மாவோ கவனித்துச் சொன்னால்தான் தெரியவரும்.

கொப்பியை மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னும் யாரிடமும் போகவில்லை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்திலோ தொடங்கலாம். நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

சில வீடுகளுக்கு இப்போதைக்கு நாய் வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் கோபத்தில் பொருளை எறிபவராக, அடிப்பவராக இருந்தால், குடி கட்டுக்குள் வராமல் இருந்தால், அவர் எழும்ப முடியாத நாளில் நாய்க்குச் சாப்பாடு வைக்க இன்னொருவர் வீட்டில் இல்லையென்றால், முதலில் அவை சீராகட்டும். பயந்துபோன நாய் யாருக்கும் உதவாது. கடிக்கவும் கூடும்.

நாயைத் தெரிவு செய்தல்

வெளிநாட்டு நிறுவனங்கள் அதிகம் எடுப்பது லாப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும். 25 முதல் 32 கிலோ எடை, மடியில் பாரம் கொடுக்கப் போதும். ஆனால் இனம் கட்டாயமில்லை. அமெரிக்காவில் படையினருக்கென்றே இயங்கும் பெரிய அமைப்புகளில் ஒன்று, காப்பகங்களில் இருந்து எடுத்த நாய்களைத்தான் பெரும்பாலும் பழக்குகிறது. நம் ஊர் நாய் வெக்கையைத் தாங்குவதில் லாப்ரடோரை விட மேல். பார்க்க வேண்டியது அதன் சுபாவத்தை.

குட்டியைவிட 12 முதல் 24 மாத நாயைப் பார்ப்பது நல்லது, சுபாவம் அதற்குள் தெரிந்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடலாம், அது பிழையில்லை. சில விநாடிக்குள் மீண்டு, தட்டை மோந்து பார்க்க வந்தால் நல்ல அறிகுறி. மூலைக்குள் ஒதுங்கி, பிறகு தீனிக்கும் வராமல் இருந்தால் விட்டுவிடுங்கள். குடையை முன்னால் விரித்துப் பாருங்கள். சாப்பிடும்போது பாத்திரத்துக்குக் கிட்டப் போங்கள். உறுமினால் வேண்டாம். காதையும் பாதத்தையும் வாலையும் பிடித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஓர் ஆணும் ஒரு சிறுபிள்ளையும் வந்து பேசட்டும். "காவலுக்கும் உதவுமே" என்று குரைக்கிற நாயை எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எப்போதும் உஷாராகவே இருக்கும் மனிதருக்கு, எப்போதும் உஷாராகவே இருக்கும் நாய் மிகக் கெட்ட துணை. அது காதை நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வாங்குமுன் மிருக வைத்தியரிடம் இடுப்பு மூட்டு, கண், தோல் மூன்றையும் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கொழும்பின் வெள்ள வாய்க்கால்களுக்குத் தேவை. கொழும்பு மாநகர சபையில், அல்லது உங்கள் பகுதி உள்ளூராட்சிச் சபையில், பதிவும் செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அனுபவமுள்ள நிறுவனங்களிலேயே பயிற்சிக்கு எடுக்கும் நாய்களில் ஏறத்தாழப் பாதி கடைசிவரை வருவதில்லை. உங்கள் நாய் உதவி நாயாக ஆகவில்லை என்றால் அது நல்ல வளர்ப்பு நாயாக வீட்டில் இருக்கும். இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

முதல் மூன்று மாதம்: அடிப்படை

இரு, படு, நில், வா, விடு, கூட வா. இந்த ஆறும் வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அப்பா "இரு" என்று சொல்ல, பிள்ளைகள் "சிட்" என்று சொல்ல, வேலைக்கு வருபவர் சிங்களத்தில் சொன்னால் நாய் யாருடைய முகத்தைப் பார்ப்பது? சொற்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு தடவை. தீனி பட்டாணி அளவு போதும்: அவித்த கோழி ஈரல், உப்பில்லாத கோழித்துண்டு. நாளின் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது, லாப்ரடோர் சீக்கிரம் ஊதிவிடும். கருவாடு உப்பு, வேண்டாம். நாய் சரியாகச் செய்த கணத்தைச் சத்தத்தால் காட்ட, பயிற்சியாளர்கள் கிளிக்கர் என்ற சிறு கருவியைப் பாவிப்பார்கள். அதன் "டிக்" சத்தம் சிலருக்குத் துப்பாக்கி விசையை நினைவூட்டும். அவர்களுக்கு "சரி" என்று ஒரே தொனியில் சொல்வது போதும்.

உதவி நாயோடு வாழ்பவர்களின் சர்வதேசச் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் 120 மணிநேரப் பயிற்சி, அதில் 30 மணிநேரமாவது வெளி இடங்களில். வீட்டில் பழக்கும்போது ஒன்றரை வருடம் என்று கணக்கு வையுங்கள்.

கனவில் இருந்து எழுப்புதல்

முதலில் பழக்க வேண்டிய வேலை இதுவே என்பது எங்கள் அபிப்பிராயம். வீட்டுக்குள் நடப்பது, யாரிடமும் அனுமதி தேவையில்லை, தூக்கம் சீரானால் மற்ற எல்லாம் இலகுவாகும்.

1. உள்ளங்கையை நாயின் மூக்குக்கு முன் பிடியுங்கள். மோந்து மூக்கு பட்டதும் "சரி", தீனி. பத்துக்கு எட்டுத் தரம் தானாக வந்து பட்டால், படுவதற்குச் சற்று முன் "தட்டு" என்று சொல்லத் தொடங்குங்கள்.

2. அவர் கட்டிலில் படுக்கட்டும், பகலில். கை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். "தட்டு" என்றதும் நாய் அந்தக் கையை இடிக்க வேண்டும். மெல்லத் தொட்டால் தீனி இல்லை, நன்றாக இடித்தால் மட்டும். தூக்கத்தில் இருப்பவரை எழுப்ப அந்த வேகம் தேவை.

3. இப்போது அறிகுறியைச் சேருங்கள். கொப்பியைத் திறந்து பாருங்கள். வலது கால் உதறல் என்று இருந்தால் அவர் அதையே நடிக்கட்டும். உதறல், உடனே "தட்டு", இடி, தீனி. இப்படி நாலைந்து நாள். பிறகு உதறிவிட்டு மூன்று விநாடி பேசாமல் காத்திருங்கள். நாய் தானாக வந்து இடித்தால் ஒரே நேரத்தில் ஐந்தாறு தீனி கொடுத்துக் கொண்டாடுங்கள்.

4. அதையே இருட்டில், மின்விசிறி ஓடும்போது, நாய் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். எல்லோரும் இடறும் இடம் இது. மத்தியானம் ஒழுங்காகச் செய்த நாய் இரவு அசையாது. அது மறக்கவில்லை, இரவில் அந்த வேலை உண்டு என்று அதற்கு இன்னும் தெரியாது.

5. நிஜ இரவு. முதல் இரண்டு வாரம் இன்னொருவர் அறையில் இருக்கட்டும். உதறல் தொடங்கியும் நாய் எழும்பவில்லை என்றால் நாயை எழுப்பி "தட்டு" என்று சொல்லுங்கள். தீனி, மூடியுள்ள டப்பாவில் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். விழித்தவர் தன் கையால் கொடுப்பது முக்கியம். டப்பாவைத் தேடித் திறப்பதே அவரை அறைக்குள் திரும்பக் கொண்டுவரும்.

நாய் கட்டிலில் ஏறி முகத்தையோ நெஞ்சையோ தொடப் பழக்காதீர்கள். திடுக்கிட்டு விழிப்பவர் கையை வீசுவார். அடிபட்ட நாய் மறுநாள் கட்டிலுக்குக் கிட்டவும் வராது. கையையோ பாதத்தையோ பக்கவாட்டில் நின்று இடித்துவிட்டு, ஓர் அடி பின்வாங்கி நிற்கப் பழக்குங்கள். அதன்பின் நிலத்தில் வைக்கும் மிதி ஆளியோடு கூடிய ஒரு விளக்கை வாங்கி, அதை முன்காலால் அமத்துவதைத் தனி வேலையாகச் சொல்லிக்கொடுத்து இதோடு தொடுக்கலாம்.

இரவு இரண்டு தரம் எழும்பிய நாய்க்குப் பகலில் தூக்கம் வேண்டும். அன்று வெளிப் பயிற்சி வேண்டாம்.

பகல் வேலைகள்

நகம் சுரண்டுவது, கால் ஆட்டுவது, கையைப் பிசைவது போன்ற முதல் அறிகுறிகளில் குறுக்கிடுவதும் மேலே சொன்ன அதே முறைதான். நாய் மூக்கால் இடித்ததும் அவர் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு: நாயின் கழுத்து மயிரைத் தொட்டு, தான் இருக்கும் இடத்தை வாயால் சொல்வது. "வெள்ளவத்தை. வீட்டு ஹோல். பின்னேரம் நாலு மணி." உளவளத்துணையாளர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை நாய் ஞாபகப்படுத்துகிறது. மனிதர் தன் பங்கைச் செய்யாமல் நாயைத் தள்ளிவிட்டால், சில வாரத்தில் நாயும் இடிப்பதை நிறுத்திவிடும்.

பாரம் கொடுத்தல் அடுத்தது. அவர் கதிரையில் இருக்க, நாய் தாடையைத் தொடையில் வைக்கப் பழகட்டும். சொல், "மடி". ஐந்து விநாடியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டி, மூன்று நிமிடம் வரை கொண்டுபோங்கள். பிறகு முன்னங்கால் இரண்டையும் தொடைமேல் வைத்து மார்பால் அழுத்துவது. நிலையான அழுத்தமும் நாயின் சூடும் மூச்சை மெதுவாக்க உதவும். ஆஸ்துமா உள்ளவருக்கு நெஞ்சில் படுக்க விடாதீர்கள். முடிக்க ஒரு சொல், "போதும்", கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நாய் கவனம் கேட்டு நாள் முழுக்க மடியில் ஏறும்.

வரிசையில் நிற்கும்போது பின்னால் வருபவருக்கும் இவருக்கும் நடுவில் குறுக்காக நிற்பதும் பலருக்கு உதவும். வங்கி, பாமசி வரிசைகளில் ஒரு முழம் இடைவெளி கிடைத்தாலே போதும் என்பவர்கள் உண்டு. குறுக்காக நிற்பது மட்டும்தான் நாயின் வேலை. பல்லைக் காட்டுவதும் உறுமுவதும் இதில் சேராது.

வீட்டுக்குள் நுழையுமுன் நாயை அனுப்பி ஒவ்வொரு அறையாகத் தேடிப் பார்க்கும் வேலையைச் சிலர் பழக்குகிறார்கள். நாங்கள் அதை வேண்டாம் என்போம். உள்ளே எதிரி இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அது தினமும் தீனி போடுகிறது, சிகிச்சை அதற்கு எதிர்த்திசையில் போக முயல்கிறது. இதில் சிகிச்சையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் வைத்தியர் வேண்டும் என்று சொன்னால் மட்டும் பழக்குங்கள்.

கொழும்புத் தெருவில்

அமெரிக்காவில் போல நாயோடு எந்தக் கடைக்குள்ளும் போகும் உரிமையை இங்கே எதிர்பார்த்து இறங்காதீர்கள். 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் "உயிருள்ள உதவி" என்பதைக் குறிப்பிடுகிறது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியிடம் சமவாயத்தைக் காட்டிப் பயனில்லை. முகாமையாளரை முதல் நாளே போய்ப் பார்த்து, வைத்தியரின் கடிதம், தடுப்பூசி அட்டை இரண்டின் பிரதியையும் கொடுத்து, ஆட்கள் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாசலில் வாக்குவாதம் வந்தால் திரும்பிவிடுங்கள். மனவடு உள்ளவருக்கு அந்த ஐந்து நிமிடச் சண்டை ஒரு வாரத்துக்குப் போதும்.

தொடர்மாடியில் இருந்தால் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். லிஃப்டில் தொழுகைக்குப் போகும் முஸ்லிம் அயலவர் இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்கள். நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் அவர்கள் கழுவ வேண்டும். நாயைச் சுவரோரம் நிறுத்தி, நீங்கள் நடுவில் நிற்பது நல்லது. கோயிலுக்கு நாயைக் கொண்டுபோக முடியாது, அந்த நேரத்துக்கு வேறு துணை ஏற்பாடு செய்யுங்கள். ஓட்டோவைச் செயலியில் அழைத்தாலும் ஏறுமுன் சாரதியிடம் போனில் கேளுங்கள். விரிக்க ஒரு பழைய பெட்ஷீட் கையோடு இருக்கட்டும்.

சத்தத்துக்குப் பழக்க மரைன் டிரைவ் நல்ல இடம். ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. முதலில் காலி வீதிப் (Galle Road) பக்கமாக உள்ள குறுக்கு ஒழுங்கையில், ரயில் சத்தம் கேட்கும் ஆனால் தெரியாத தூரத்தில் நில்லுங்கள். ரயில் வரும்போதெல்லாம் தீனி. நாய் தீனியை எடுக்க மறுத்தால் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். கடற்கரைப் பக்க நடைபாதைக்கு வர மூன்று, நாலு வாரம் எடுக்கும். ரயில் சத்தமே அவருக்குத் தொந்தரவு என்றால் இந்தக் கட்டத்தை வேறொருவர் செய்யட்டும்.

கட்டாக்காலி நாய்கள் பெரிய சிக்கல். அவை குரைத்து வரும்போது இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நாயை உங்கள் பின்புறம் நிறுத்தி, ஒரு பிடி தீனியை அவற்றை நோக்கி எறிந்துவிட்டு, நிதானமாக விலகுங்கள். ஒரே பாதையில் தினமும் நடந்தால் அங்குள்ள நாய்கள் பழகிவிடும். கடி பட்டால், மனிதரானாலும் நாயானாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

வெயில் அடுத்தது. புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சுடும். காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின் நடங்கள். நாக்கு நீண்டு கடும் சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதங்களில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உண்ணியைத் தினமும் பாருங்கள்: காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் இரண்டு மூன்று நாள் சோர்ந்து கிடப்பதை "சோம்பல்" என்று விட்டு, காலம் தாழ்த்தி நாயை இழந்தவர்கள் பலர்.

வெடி கொளுத்தும் நாட்கள்

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு. கிரிக்கெட்டில் வென்றாலும் வெடி. பெப்ரவரி 4க்கு முந்திய நாட்களில் ஒத்திகை விமானங்களும் தாழப் பறக்கும். மனிதரும் நாயும் ஒரே சத்தத்துக்கு ஒரே நேரத்தில் பயந்தால் இருவருக்கும் உதவி இல்லை. ஆறு வாரம் முன்பே, வெடிச் சத்தப் பதிவு ஒன்றை மிகக் குறைந்த ஒலியில், அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் நாய்க்குப் போட்டுத் தீனியோடு பழக்குங்கள். அன்றைய நாளில் உள் அறை, மூடிய ஜன்னல், ஓடும் மின்விசிறி, வழக்கமான நேரத்துக்கு ஒரு மணி முன்பே நடையும் சாப்பாடும். அன்று நாயிடம் எந்த வேலையும் கேட்காதீர்கள். அவருக்குத் துணையாக அன்று வீட்டில் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே "எத்தனை மணிக்குக் கொளுத்துவீர்கள்?" என்று கேட்டு வைப்பது பெரிய உதவி. எதிர்பார்த்து வரும் சத்தம் பாதி வலிமை இழந்துதான் வரும்.

வருடங்கள் போனபின்

மாதம் ஒருமுறை பழைய கொப்பியை எடுத்து அதே நான்கு விஷயத்தைக் குறியுங்கள். அறிகுறி மாறியிருக்கும். கால் உதறல் போய் முனகல் வந்திருக்கலாம். நாய்க்குப் புது அறிகுறியைப் பழக்க வேண்டும். பழைய அறிகுறிக்கே நாய் காத்துக்கொண்டிருக்க, "நாய் வேலை செய்யவில்லை" என்று வீட்டார் சலித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

எட்டு, பத்து வயதில் நாய் ஓய்வுக்கு வரும். படியேறத் தயங்குவதும், இரவில் எழும்பப் பிந்துவதும் முதல் அடையாளங்கள். ஏழு வயதிலேயே அடுத்த நாயைத் தேடத் தொடங்கினால், புது நாய் பழையதைப் பார்த்துப் பாதி வேலையைக் கற்றுக்கொள்ளும். மூத்த நாயை வேறு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவர் பழகிய நாய் திடீரென்று இல்லாமல் போவது அவருக்கு இன்னோர் இழப்பு. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிப் படுக்கை. கட்டில் பக்கத்து இடத்தை மட்டும் மெல்ல மெல்லப் புது நாய்க்கு மாற்றுங்கள், இரண்டு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை.